கம்பைல் நேரத்தைக் குறைக்க: கூடுதல் கோரா, கேஷா, புது லிங்கரா?

16 கோர் உள்ள கணினியில் பெரிய சி++ மென்பொருள் ஒன்றைக் கம்பைல் செய்யும்போது (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது) சிஸ்டம் மானிட்டரைத் திறந்துவைத்துப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் 16 பட்டைகளும் உச்சியில் நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சரியும். கடைசியில் ஒரே ஒரு கோர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், மற்ற 15-ம் வேலையில்லாமல் கிடக்கும். நாம் மட்டும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். கம்பைல் வேகத்தைப் பற்றிய எந்த முடிவையும் இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். கணினி முழு மூச்சாக உழைக்கும் நேரத்தைக் குறைக்க ஒரு மருந்து, அது ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேறொரு மருந்து.

பில்ட், அதாவது கம்பைலில் தொடங்கி ஓடும் நிரல் உருவாகும் வரையிலான வேலை, மெதுவாக இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால் உடனே பல யோசனைகள் வரும். ஜாப் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) எண்ணிக்கையைக் கூட்டு, பில்டை நடத்தும் கருவியாக நிஞ்சாவுக்கு மாறு, முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்துவைக்கும் சிகேஷ் போடு, மோல்ட் லிங்கரைப் பயன்படுத்து, பக்கத்துக் கணினிகளையும் சேர்த்துக்கொள், புதுக் கணினி வாங்கு. எல்லாமே யாரோ ஒருவருக்குச் சரியாக வேலை செய்த யோசனைகள்தான். உங்களுக்கு எது என்பது நீங்கள் எந்தக் காத்திருப்பால் அவதிப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்யும் முழு பில்டா? ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்ப்பதா? நிரலின் பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட்டில் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான கோப்புகள் மறுபடி கம்பைல் ஆவதா? மூன்றுக்கும் விடை வேறு வேறு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பலர் அளந்து பார்க்காமலேயே கோர் எண்ணிக்கையை நம்பிவிடுகிறார்கள். ஒரே கோரில் 20 நிமிடம் எடுக்கும் ஒரு பில்டை எடுத்துக்கொள்வோம். அதில் 18 நிமிடம் தனித்தனிக் கோப்புகளைக் கம்பைல் செய்வது, அதை எத்தனை கோர்களுக்கு வேண்டுமானாலும் பங்கு போடலாம். மீதி 2 நிமிடம், கம்பைல் ஆன கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் கடைசிக் கட்டமான லிங்க், அது ஒரே கோரில்தான் நடக்கும். 8 கோர் கொடுத்தால் 18 நிமிடம் 2 நிமிடம் 15 நொடியாகச் சுருங்கும். லிங்கையும் சேர்த்தால் 4 நிமிடம் 15 நொடி. 16 கோரில் ஏறக்குறைய 3 நிமிடம் 8 நொடி. 32 கோரில் 2 நிமிடம் 34 நொடி. 16-லிருந்து 32-க்குப் போக எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். கிடைத்தது 34 நொடி.

இப்போது 8 கோர் கணினியையே வைத்துக்கொண்டு லிங்கரை மட்டும் மாற்றுகிறோம், லிங்க் 2 நிமிடத்திலிருந்து 20 நொடிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 நிமிடம் 35 நொடி. 32 கோர் கணினிக்குச் சமம். இது எடுத்துக்காட்டுக்காகப் போட்ட கணக்குதான், ஆனால் இதன் அடிப்படை ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன விதி: ஒரு வேலையில் பங்கிட முடியாத பகுதி எவ்வளவோ, அதற்குக் கீழே எத்தனை கோர் போட்டாலும் இறங்க முடியாது.

உங்கள் பில்டில் அந்தப் பகுதி எவ்வளவு என்று தெரிந்துகொள்வது எளிது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பில்ட் கட்டளைக்கு முன்னால் ‘டைம்’ என்று சேர்த்து ஓட்டினால் கடைசியில் மூன்று எண்கள் வரும். ‘ரியல்’ என்பது கடிகாரத்தில் கழிந்த நேரம். ‘யூசர்’ என்பது எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைத்த நேரம். யூசரை ரியலால் வகுத்தால் சராசரியாக எத்தனை கோர் வேலையில் இருந்தது என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன 8 கோர் பில்டில் 1,200 நொடியை 255-ஆல் வகுத்தால் 4.7 வரும். அதாவது மூன்றுக்கும் மேற்பட்ட கோர்களின் உழைப்பு வீண். ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓடும் செயலிகளில் யூசர் நேரம் கொஞ்சம் ஊதிக் காட்டும். அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த எண் உங்கள் கோர் எண்ணிக்கைக்கு அருகில் வந்தால், வேலையே அதிகம் என்று பொருள். அப்போது கேஷ், ஹெடர் (பல கோப்புகள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் பொது அறிவிப்புக் கோப்பு) குறைப்பு, கூடுதல் கோர் ஆகியவை உதவும். எண் மிகக் குறைவாக இருந்தால் எங்கோ வரிசையில் அடைப்பு இருக்கிறது. அதைத் திறக்காமல் கோர் வாங்குவதில் பயனில்லை.

மேக்கும் நிஞ்சாவும்

பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய, பில்டின் வேலைகளை வரிசைப்படுத்தி நடத்தும் கருவியான மேக்கின் வழித்தோன்றல்கள் இன்றும் எங்கும் இருக்கின்றன. க்னூ மேக்கை வெறுமனே அழைத்தால் ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் செய்யும். எத்தனை கோர் இருந்தாலும் அப்படித்தான். ‘மைனஸ் ஜே’ கொடுத்து, கூடவே எண்ணையும் கொடுத்தால்தான் இணையாக ஓடும். இது தெரியாமல் வருடக்கணக்கில் ஒற்றைக் கோரில் கம்பைல் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

எண் கொடுக்காமல் வெறும் ‘மைனஸ் ஜே’ மட்டும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் வரம்பே இல்லை என்று பொருள். 800 கோப்புகள் தயாராக இருந்தால் 800 கம்பைலர்களையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். ரேம் தீர்ந்து, ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஸ்வாப் தொடங்கி, மௌஸ்கூட நகராமல் கணினி உறைந்துவிடும்.

அப்படியானால் எத்தனை? கோர் எண்ணிக்கை, அல்லது அதைவிட ஒன்றிரண்டு கூடுதல் என்பது பழைய வழக்கம். சி நிரல்களுக்கு அது சரி. டெம்ப்ளேட் (கம்பைலர் ஒவ்வொரு வகைக்கும் விரித்துக்கொள்ளும் பொது வார்ப்பு) நிறைந்த சி++ நிரலுக்கு ரேம்தான் வரம்பு. ஒரு கம்பைலர் 1.5 அல்லது 2 ஜிபி வரை எடுத்துக்கொள்வது அங்கே சாதாரணம். ஜென்டூ லினக்ஸ் பயனர்கள் எல்லாவற்றையும் தாங்களே கம்பைல் செய்பவர்கள். ஒரு ஜாப்புக்கு 2 ஜிபி ரேம் என்று கணக்கிட்டு, அதையும் த்ரெட் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதை வைத்துக்கொள்வது அவர்களிடையே நிலைத்த வழிகாட்டுதல். 16 த்ரெட், 16 ஜிபி ரேம் என்றால் விடை 16 இல்லை, 8. பிரௌசரும் எடிட்டரும் திறந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு குறைவு. கம்பைலர் நடுவில் ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு செத்துப்போனால் நிரலில் பிழை தேடாதீர்கள். ரேம் தீர்ந்ததால் இயங்குதளத்தின் மையமான கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது, ஜாப் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கன்டெய்னருக்குள் (ஒரு கணினிக்குள் தனியாக ஒதுக்கிய சூழலுக்குள்) பில்ட் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி. உங்கள் கன்டெய்னருக்கு 4 கோர் அளவு நேரம்தான் ஒதுக்கியிருப்பார்கள், ஆனால் உள்ளேயிருந்து கேட்டால் அடியில் இருக்கும் 64 கோர் கணினி முழுவதையும் பல கருவிகள் தங்களுடையதாக எண்ணிக்கொள்ளும். 64 ஜாப் கிளம்பும், ரேம் காலியாகும். அங்கே எண்ணை நாமே எழுதிவிடுவது நல்லது.

மேக்கின் உண்மையான சிக்கல் வேகம் இல்லை, மேக்குக்கு வழி சொல்லும் மேக்ஃபைலில் எழுதாமல் விட்ட சார்புகள், அதாவது எது முடிந்த பின் எது என்ற குறிப்புகள். வரிசையாக ஓடும்போது தற்செயலாகச் சரியாக நடந்த ஒன்று, இணையாக ஓடும்போது உடையும். ஒரு கருவி உருவாக்க வேண்டிய ஹெடர் இன்னும் உருவாகாமலே அதைத் தேடும் கோப்பு கம்பைலுக்குப் போய்விடும். பத்து முறையில் ஒருமுறை மட்டும் தோற்கும் பில்ட் இப்படித்தான் பிறக்கிறது. அதைக் கண்டு பயந்து ஒற்றை ஜாப்புக்குத் திரும்பிப் போகும் குழுக்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும், ஏனென்றால் மருந்து இருக்கிறது. ‘மைனஸ் எம்எம்டி’ கொடுத்தால் எந்தக் கோப்பு எந்த ஹெடரைச் சார்ந்தது என்ற பட்டியலைக் கம்பைலரே எழுதித் தரும். 2022-இல் வந்த க்னூ மேக் 4.4-இல் ‘ஷஃபிள்’ என்றொரு விருப்பம் சேர்ந்தது. அது வேலைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு, மறைந்திருக்கும் சார்புகளை வெளிக்கொண்டுவரும். ஒரு நாள் மெனக்கெட்டு அந்தப் பிழைகளைத் தீர்த்துவிட்டால் பலன் ஒவ்வொரு பில்டிலும் கிடைக்கும்.

ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு மேக்ஃபைல், மேலிருக்கும் மேக் கீழிருப்பதை அழைக்கும் என்ற பழைய அமைப்பில் இன்னொரு இழப்பு இருக்கிறது. ஒவ்வொரு கோப்புறையின் கடைசிக் கோப்பு முடியும் வரை அடுத்த கோப்புறை பெரும்பாலும் தொடங்காது. 40 கோப்புறை என்றால் 40 முறை கோர்கள் காத்துக் கிடக்கும். முழுச் சார்பு வரைபடத்தையும் ஒரே மேக் பார்க்க வேண்டும் என்று பீட்டர் மில்லர் 1990-களின் இறுதியிலேயே வாதிட்டு எழுதினார். பழைய அமைப்பை மாற்ற முடியாதவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உள்ளே இருக்கும் மேக்கை அழைக்கும்போது அதன் பெயரை நேராக எழுதாமல் டாலர் குறியோடு வரும் மேக் மாறியைக் கொண்டு அழைக்க வேண்டும். அப்போதுதான் மேலிருக்கும் மேக்கின் ஜாப் டோக்கன்கள் (இத்தனை ஜாப் ஓட்டலாம் என்ற அனுமதிகள்) கீழே போய்ச் சேரும். உள்ளே தனியாக 8 என்று எழுதிவைத்தால் 8 பெருக்கல் 8, மொத்தம் 64 கம்பைலர்கள் கிளம்பிவிடும்.

நிஞ்சா வேறு எண்ணத்தோடு வந்தது. கூகுளில் குரோம் பிரௌசரில் வேலை செய்த இவான் மார்ட்டின் எழுதியது. மனிதர் கையால் எழுதுவதற்கான மொழியாக அதை அவர் வடிவமைக்கவில்லை. சிமேக், மெசான் போன்ற பில்ட் அமைப்புக் கருவிகள் உருவாக்கித் தரும் கோப்பை வேகமாகப் படித்து ஓட்டுவது மட்டும்தான் அதன் வேலை. முழு வரைபடத்தையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதால் கோப்புறை எல்லையில் நிற்பதில்லை. நாம் எதுவும் சொல்லாமலேயே கோர் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அத்தனை ஜாப் ஓட்டும். ஒரு கோப்பும் மாறாதபோது ‘செய்ய ஒன்றுமில்லை’ என்று சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் பெரிய நிரல்களில் மேக்குக்கும் நிஞ்சாவுக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். பல்லாயிரம் கோப்புகள் இருந்தால் ஒரு வரி மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை உணர்வீர்கள்.

நிஞ்சாவில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பூல்’ என்ற வசதி. கம்பைல் ஜாப் 16 ஓடட்டும், லிங்க் ஜாப் மட்டும் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லலாம். டீபக் தகவலோடு (பிழை தேட உதவும் கூடுதல் விவரம்) பெரிய நிரல்களை லிங்க் செய்யும்போது ஒவ்வொரு லிங்கரும் பல ஜிபி ரேம் கேட்கும். ஐந்தாறு ஒன்றாக வந்தால் கணினி திணறிவிடும். சிமேக்கிலிருந்தே இந்த வரம்பை வைத்துவிடலாம். 2024-இல் வந்த 1.12 பதிப்பிலிருந்து, முந்தைய பில்டில் எது எவ்வளவு நேரம் எடுத்தது என்ற பதிவைப் பார்த்து, நீண்ட சங்கிலியில் இருக்கும் வேலைகளை முன்கூட்டியே தொடங்கவும் நிஞ்சா பழகிவிட்டது. கடைசியில் ஒற்றைக் கோர் ஓடும் அந்த வால் பகுதி அதனால் சற்றுக் குறையும்.

ஆக, உங்கள் நிரல் ஏற்கெனவே சிமேக் அல்லது மெசானில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நிஞ்சா. கையால் எழுதிய மேக்ஃபைல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் வேகத்துக்காக மட்டும் அதைத் தூக்கி எறியாதீர்கள். முழு பில்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும், ஏனென்றால் நேரத்தைத் தின்பது கம்பைலர்.

விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இதே பெருக்கல் சிக்கல் வேறு உருவில் வரும். புராஜெக்ட்களை இணையாக ஓட்டும் விருப்பம் ஒன்று, ஒரு புராஜெக்டுக்குள் கோப்புகளை இணையாகக் கம்பைல் செய்யும் விருப்பம் இன்னொன்று. இரண்டையும் முழு அளவில் திறந்துவிட்டால் ரேமுக்கு ஆபத்து. பில்ட் கோப்புறையில் உருவாகும் ஒவ்வொரு சிறு கோப்பையும் வைரஸ் ஸ்கேனர் திறந்து பார்க்கிறதா என்பதையும் அங்கே சோதித்துவிடுங்கள்.

செய்த வேலையைத் திரும்பச் செய்யாமல் இருப்பது

கோர்கள் வேலையை வேகமாகச் செய்யும், கேஷ் வேலையையே இல்லாமல் செய்யும். கிளை மாறி மாறி வேலை செய்பவர்களுக்கும், தானியங்கிச் சோதனைக் கணினிகளில் ஒரே நிரலைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து கட்டுபவர்களுக்கும் சிகேஷைப் போல உதவும் கருவி வேறில்லை.

சாம்பா திட்டத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 2002-இல் எழுதியது அது. கம்பைலருக்கு முன்னால் நின்றுகொண்டு, எந்தக் கம்பைலர், என்னென்ன விருப்பங்கள், மூலக் கோப்பிலும் ஹெடர்களிலும் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்து ஒரு ஹாஷ், அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண், கணக்கிடும். அதே ஹாஷ் முன்பு வந்திருந்தால், அன்று உருவான ஆப்ஜெக்ட் கோப்பை எடுத்துக் கொடுத்துவிடும். மேக்கும் நிஞ்சாவும் கோப்பின் தேதியைப் பார்த்து முடிவெடுப்பவை. கிளை மாறித் திரும்பினால் தேதி மாறிவிடும், உள்ளடக்கம் அதேதான். அந்த இடைவெளியைத்தான் சிகேஷ் நிரப்புகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் முறை கம்பைல் செய்யும்போது ஹாஷ் போடவும் சேமிக்கவும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். லிங்கில் இதற்கு எந்தப் பங்கும் இல்லை. ஒரு கோப்பை மாற்றிக்கொண்டே போகிறீர்கள் என்றால் அந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் புதிது, கேஷில் இருக்காது. வழக்கமான வரம்பு 5 ஜிபி. பெரிய நிரலுக்கு அது போதாமல், இன்று சேர்த்ததை நாளைக்கே அழித்துக்கொண்டிருக்கும். அதைக் கூட்டிவிடுங்கள்.

கேஷ் போட்டும் பலனில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: கிட் கமிட் எண்ணையோ பில்ட் தேதியையோ ஒரு ஹெடரில் எழுதி எல்லா இடத்திலும் சேர்த்துவைத்திருக்கிறீர்களா? அப்படியிருந்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் எல்லாக் கோப்பும் மாறியதாகவே ஹாஷ் சொல்லும். அந்த எண்ணை ஒரே ஒரு மூலக் கோப்புக்குள் வைத்து, மற்றவை ஒரு ஃபங்ஷன் மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளச் செய்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அடுத்தது, ஒரே நிரலை இரண்டு கோப்புறைகளில் வைத்திருப்பது. டீபக் தகவலோடு கம்பைல் செய்யும்போது கோப்புறையின் முழுப் பாதையும் ஹாஷில் சேர்வதால் ஒன்றில் செய்தது இன்னொன்றுக்குப் பயன்படாது. அடிப்படைக் கோப்புறை எது என்று சிகேஷுக்குச் சொல்லும் அமைப்பும், பாதையை ஹாஷில் சேர்க்காதே என்று சொல்லும் அமைப்பும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். புள்ளிவிவரம் காட்டச் சொன்னால் எத்தனை முறை கிடைத்தது, எத்தனை முறை கிடைக்கவில்லை என்று அதுவே சொல்லும். அதைப் பார்க்காமல் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

மொசில்லாவில் உருவான எஸ்சிகேஷ் இதே எண்ணத்தை ரஸ்ட் மொழிக்கும், கிளவுட் சேமிப்பகத்தில் குழு முழுவதும் பகிரும் கேஷுக்கும் கொண்டுபோனது. தனி ஆள், சி அல்லது சி++ என்றால் சிகேஷ் எளிது. ரஸ்ட் இருந்தாலோ, விண்டோஸ் உட்படப் பல கணினிகளுக்குப் பொதுவான கேஷ் வேண்டுமென்றாலோ எஸ்சிகேஷைப் பாருங்கள்.

லிங்கர்: குறைந்த உழைப்பு, பெரிய பலன்

ஒரு வரி மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பவர்களுக்குக் கம்பைல் சில நொடிதான். அதற்குப் பின் வரும் லிங்க்தான் கொல்லும். க்னூவின் பழைய லிங்கர் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில் ஓடுவது. அதற்கு மாற்றாக இயன் லான்ஸ் டெய்லர் எழுதிய கோல்ட் 2008-இல் வந்தது. இன்று அதற்குப் பராமரிப்பு இல்லை, 2025-இல் க்னூ லிங்கர் வரும் பின்யூட்டில்ஸ் தொகுப்பின் வெளியீட்டிலேயே அதைக் கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள். புதிதாகத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். மீதி இரண்டு: எல்எல்விஎம் கம்பைலர் திட்டத்தின் எல்எல்டி, ருய் உயேயாமா எழுதிய மோல்ட். எல்எல்டியின் இன்றைய வடிவத்தை உருவாக்கியதிலும் முக்கியப் பங்கு அவருடையதுதான். அதற்குப் பிறகு, முதல் வரியிலிருந்தே பல கோர்களை நினைத்து மோல்டை எழுதினார். அதன் 1.0 பதிப்பு 2021-இன் இறுதியில் வந்தது.

வேகத்தில் மோல்ட் முன்னால் நிற்கிறது. லினக்ஸில் சாதாரணப் பயன்பாட்டு நிரல் எழுதுபவர் என்றால் மோல்டையே முதலில் முயலச் சொல்வேன். ஜிசிசி கம்பைலர் 12 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் ஒரே ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் போதும், நிரலில் எதையும் தொட வேண்டாம். நினைவகத்தில் எது எங்கே போக வேண்டும் என்று லிங்கர் ஸ்கிரிப்ட் எழுதிக் கட்டும் கெர்னல், எம்பெடட் வேலைகளுக்கு மோல்ட் பொருந்தாது. அங்கே எல்எல்டி நல்ல நடுவழி, லினக்ஸ் கெர்னலையே அதைக் கொண்டு லிங்க் செய்ய முடியும். வெளியீட்டுக்கான இறுதி பில்டைப் பழைய லிங்கரிலேயே வைத்துக்கொண்டு, தினசரி வேலைக்கு மட்டும் வேகமானதைப் பயன்படுத்துவதும் நல்ல ஏற்பாடுதான்.

கூடவே இரண்டு விஷயம். டீபக் தகவலைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைக்கும் ‘ஸ்பிளிட் டுவார்ஃப்’ விருப்பம் லிங்கர் சுமக்கும் பாரத்தைப் பெரிதும் குறைக்கும். லிங்க் நேர உகப்பாக்கம் போட்டிருந்தால் தினசரி பில்டில் அதை நிறுத்திவிடுங்கள். கம்பைலர் செய்ய வேண்டிய உழைப்பின் பெரும்பகுதியை அது கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவிடுகிறது, அதாவது கோர்கள் சும்மா இருக்கும் கட்டத்துக்கே.

ரஸ்ட் எழுதுபவர்களுக்கும் இதே பகுதிதான் முக்கியம். ரஸ்டின் பில்ட் கருவியான கார்கோ தானாகவே எல்லாத் த்ரெட்களையும் பயன்படுத்திக்கொள்ளும், ஜாப் எண்ணிக்கையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் சார்ந்திருக்கும் கிரேட்கள் (ரஸ்டின் நிரல் தொகுதிகள்) எல்லாம் முடிந்து உங்கள் சொந்தக் கிரேட் கடைசியில் தனியாக நிற்கும்போது வால் நீள்கிறது. பெரிய கிரேட்டைச் சிலதாகப் பிரிப்பதும் லிங்கரை மாற்றுவதும் அங்கே கைகொடுக்கும். 2025 செப்டம்பரில் வந்த ரஸ்ட் 1.90 முதல் 64-பிட் எக்ஸ்86 லினக்ஸில் எல்எல்டியே இயல்பான லிங்கர்.

ஹெடர்கள்: உழைப்பு அதிகம், வேர் அங்கேதான்

ஒரு மூன்று வரி சி++ நிரலில் ஐஓஸ்ட்ரீம் ஹெடரைச் சேர்த்துவிட்டு, ஹெடர்களை விரித்துத் தரும் முன்செயலியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பல்லாயிரம் வரிகள் கொட்டும். உங்கள் 500 கோப்புகளும் அந்த வரிகளையே 500 முறை படிக்கின்றன. 16 கோர் இருந்தால் ஒரே வேலையை 16 பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கே நேரம் போகிறது என்று பார்க்க கிளாங் கம்பைலரின் 9-ஆம் பதிப்பில், 2019-இல் வந்த ‘டைம் டிரேஸ்’ அருமையான கருவி. எந்த ஹெடரைப் படிக்க எத்தனை மில்லி நொடி, எந்த டெம்ப்ளேட்டை விரிக்க எத்தனை என்று கோப்புக்குக் கோப்பு படமாகக் காட்டும். நீங்கள் ஜிசிசி பயன்படுத்தினாலும் ஒருமுறை கிளாங்கில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று ஹெடர்கள்தான் குற்றவாளிகளாக இருக்கும். அவற்றை மட்டும் சரிசெய்தாலே வேறுபாடு தெரியும்.

அதற்கு நேரமில்லாதவர்களுக்கு இரண்டு குறுக்கு வழிகள். இரண்டையுமே சிமேக் 3.16 முதல் நேரடியாகச் செய்ய முடியும். ஒன்று, முன்கூட்டிக் கம்பைல் செய்த ஹெடர். மாறாத பெரிய ஹெடர்களை ஒருமுறை படித்து வைத்துவிட்டு எல்லாக் கோப்புக்கும் கொடுப்பது. அதில் அடிக்கடி மாறும் உங்கள் சொந்த ஹெடரைச் சேர்த்துவிட்டால் ஒரு சிறு மாற்றத்துக்கும் முழு நிரலும் மறுபடி கம்பைல் ஆகும், எனவே நூலக ஹெடர்களை மட்டும் சேருங்கள். சிகேஷும் கூட இருந்தால் அதன் அமைப்பில் இதற்கென்று சில சோதனைகளைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கேஷ் பிடிக்காது.

மற்றொன்று யூனிட்டி பில்ட். பல மூலக் கோப்புகளை ஒட்டி ஒன்றாகக் கம்பைல் செய்வது. மொத்த உழைப்பு வெகுவாகக் குறையும், முழு பில்ட் பறக்கும். ஆனால் பல கோர் கணினியில் இதற்கு ஒரு விலை உண்டு. சிமேக் வழக்கமாக 8 கோப்புகளை ஒன்றாக்கும். 200 கோப்புகள் 25 கட்டுகளாகும். 16 கோரில் முதல் சுற்றில் 16, அடுத்த சுற்றில் 9 மட்டும், 7 கோர்கள் சும்மா. கோர் கூடக் கூட கட்டு சிறியதாக வேண்டும். ஒரு வரி மாற்றினால் 8 கோப்புகளும் கம்பைல் ஆகும். இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் ஸ்டாடிக் ஃபங்ஷன் இருந்தால் மோதும். முழு பில்ட் மட்டுமே செய்யும் சோதனைக் கணினியில் யூனிட்டியைப் போடுவேன், என் மேசையில் போட மாட்டேன்.

வேரிலேயே கை வைத்த முயற்சிக்கு லினக்ஸ் கெர்னலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஜனவரியில் இங்கோ மோல்நார் 2,200-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். நோக்கம் ஹெடர்களின் பின்னலை அவிழ்ப்பது. பில்ட் வேகம் 50 முதல் 80 சதவீதம் வரை கூடும் என்று அறிவித்தார். ஒரு கோர்கூடச் சேர்க்காமல் கிடைக்கும் வேகம் அது. அதற்குப் பின்னால் ஓராண்டுக்கும் மேலான உழைப்பு இருந்தது, தொகுப்பு முழுவதும் கெர்னலில் சேரவும் இல்லை. ஹெடர் சீரமைப்பில் எவ்வளவு பலன் இருக்கிறது, எவ்வளவு பாடு இருக்கிறது என்ற இரண்டையும் இது காட்டுகிறது. சி++20 மாட்யூல்கள் இதே நோய்க்கு மொழியே தரும் மருந்து. புதிதாகத் தொடங்கும் நிரலில் முயலலாம். பழைய பெரிய நிரலுக்கு இந்த மாதக் காத்திருப்பைத் தீர்க்க அது வழியல்ல.

பக்கத்துக் கணினிகளின் கோர்கள்

சாம்பா வட்டாரத்திலிருந்தே, ஏறக்குறைய சிகேஷ் வந்த காலத்தில், மார்ட்டின் பூல் டிஸ்ட்சிசியை எழுதினார். உங்கள் கணினி ஹெடர்களையெல்லாம் விரித்து, விரித்த உரையை வேறு கணினிக்கு அனுப்பும். அது கம்பைல் செய்து திருப்பி அனுப்பும். விரிக்கும் வேலை உங்களிடமே இருப்பதால் ஓர் அளவுக்கு மேல் உங்கள் கணினியே அடைப்பாகிவிடும். அதைத் தவிர்க்க விரிக்கும் வேலையையும் அனுப்பிவிடும் ‘பம்ப்’ முறை பின்னால் வந்தது. எல்லாக் கணினியிலும் ஒரே கம்பைலர் பதிப்பு இருக்க வேண்டும். சூசே உருவாக்கிய ஐஸ்கிரீம் கம்பைலரையே சேர்த்து அனுப்பிவிடும், எந்தக் கணினி ஓய்வாக இருக்கிறது என்று பார்த்து வேலையை ஒதுக்க நடுவில் ஒரு ஷெட்யூலரும் உண்டு. ஐந்தாறு பேர் கம்பி வழியாக இணைந்த ஒரே வலையமைப்பில் இருக்கும் அலுவலகத்துக்கு ஐஸ்கிரீமைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வைஃபையில் இதை முயலாதீர்கள், அனுப்புவதற்கே நேரம் போய்விடும். டிஸ்ட்சிசி சர்வரை வெளி வலைக்குத் திறந்து வைப்பதும் கூடவே கூடாது. வந்த கட்டளையை ஓட்டுவதுதான் அதன் வேலை, யார் அனுப்பினாலும் ஓட்டிவிடும் நிலை வந்தால் கணினி உங்கள் கையை விட்டுப் போய்விடும். லிங்க் எப்போதும் உங்கள் கணினியில்தான் நடக்கும். ஆகவே லிங்கரையும் கேஷையும் சரிசெய்யாமல் இந்தப் பக்கம் வருவது வீண். சிகேஷை முன்னால் வைத்து, அதில் கிடைக்காததை மட்டும் வெளியே அனுப்பும்படி இரண்டையும் இணைக்க முடியும், அதுதான் சரியான வரிசை.

கணினியே வாங்குவதென்றால்

பில்ட் கோப்புறையை ரேமிலேயே வைத்தால் வேகம் கூடும் என்ற யோசனையைப் பலர் சொல்வார்கள். எஸ்எஸ்டி இருக்கும் லினக்ஸ் கணினியில் வேறுபாடு பெரும்பாலும் மிகச் சிறியது. படித்த கோப்புகளைக் கெர்னல் ஏற்கெனவே ரேமில் வைத்திருக்கிறது, எழுதுவதும் முதலில் ரேமுக்குத்தான் போகிறது. கம்பைலர் தின்பது டிஸ்க் நேரத்தை அல்ல, செயலி நேரத்தை. அந்த ரேமை இன்னும் இரண்டு ஜாப்புக்குக் கொடுப்பது நல்லது. இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் பில்ட் செய்பவர் மட்டும் முதலில் எஸ்எஸ்டிக்கு மாறட்டும்.

மடிக்கணினியில் கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் நிமிடம் முழு வேகத்தில் ஓடும். சூடு ஏறியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோர்களில் பாதி, மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறிய கோர்களாக இருப்பதும் உண்டு. பத்து நிமிட பில்டுக்கு, நல்ல காற்றோட்டமுள்ள மேசைக் கணினியின் 8 கோர், மெல்லிய மடிக்கணினியின் 14 கோரை முந்திவிட முடியும்.

16 கோர், 16 ஜிபி ரேம் ஒன்று, 8 கோர், 32 ஜிபி ரேம் இன்னொன்று, இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்றால்? பெரும்பாலும் சி நிரல் எழுதுபவர், உதாரணமாகக் கெர்னல் கட்டுபவர், முதலாவதை எடுக்கலாம். அங்கே ஒரு ஜாப்புக்குச் சில நூறு எம்பி போதும், 16 கோரும் உழைக்கும். டெம்ப்ளேட் நிறைந்த சி++ எழுதுபவருக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் கணினியில் அவரால் 7 அல்லது 8 ஜாப்புக்கு மேல் ஓட்ட முடியாது, மீதிக் கோர்கள் பெயருக்குத்தான். இரண்டாவதில் 8 கோரும் முழுதாக உழைக்கும், பெரிய லிங்க் ஒன்று நடுவில் வந்தாலும் ஸ்வாப் தொடங்காது, திறந்திருக்கும் எடிட்டரும் இழுக்காமல் ஓடும்.